பன்னிரண்டுக்குப் பிறகு ஒன்று

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் தலையணை உறைகளைப் பன்னிரண்டு பன்னிரண்டாக மடித்துக் கட்டுவதுதான் பெரியவளின் வேலை. புருஷன் கைவிட்ட தங்கை, எட்டு மாதக் கைக்குழந்தையை அவள் மடியில் போட்டுவிட்டு வெகுதூரத்துக்கு வேலைக்குப் போனாள். கல்யாணம் காட்சி காணாதவளுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியுமா என்று கூடத்தில் கேலி பேசினார்கள். பிள்ளை வளர்ந்தது. உறைக் குவியலுக்குள் தவழ்ந்தது, நடந்தது, எண்ணவும் கற்றுக்கொண்டது.

"பன்னண்டுக்கு அப்புறம் என்னடி?" என்று இஸ்திரிக்காரர் வம்புக்கு இழுப்பார்.

"மறுபடி ஒண்ணு!"

"பதிமூணு எங்க போச்சு?"

"அது அடுத்த கட்டுக்குப் போயிடுச்சு மாமா. இதுகூடத் தெரியாதா?"

பெரியவளைத்தான் அவள் அம்மா என்று கூப்பிட்டாள். போனில் மட்டும் வரும் பெற்றவள் 'போன் சித்தி'. கேட்டவர்கள் சிரித்தார்கள். மறுமுனையில் தங்கையும் சிரிப்பாள். சிரித்த கையோடு போனை வைத்துவிடுவாள்.

பிள்ளைக்கு நாலரை வயதானபோது தங்கை திரும்பி வந்தாள். பக்கத்து ஊரில் வீடு பிடித்தாள்.

"இவளுக்காகத்தானேக்கா அங்க மாடா உழைச்சேன்?"

பெற்றவள் பிள்ளையைக் கேட்கிறாள். கொடுக்காமல் இருக்க முடியுமா?

"அழ விடாதம்மா, பாவம். விளையாட்டுக் காட்டிட்டு நழுவிடு," என்றார் இஸ்திரிக்காரர். "ரெண்டு நாள்ல மறந்துடும்."

நல்ல மனசோடு சொன்னதுதான். தங்கையின் வீட்டு மாடியில் கண்ணாமூச்சி நடந்தது. பிள்ளை சுவரில் முகம் புதைத்து எண்ண, பெரியவள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. மறுபடி ஒன்று. கடைசிப் படி வரை கேட்டது.

"இருட்டுற வரைக்கும் எண்ணிட்டே நின்னா. அழவே இல்லக்கா, சமத்து," என்று தங்கை போனில் சொன்னாள். "ஆறு மாசம் இந்தப் பக்கம் வராதே. என்கூட ஒட்டட்டும்."

ஆறு மாதம் கழித்துப் போனாள். "வாங்க பெரியம்மா," என்று பிள்ளை தண்ணீர் கொண்டுவந்து நீட்டியது. 'நீ' போய் 'நீங்க' வந்திருந்தது. வாய் ஓயாதது, ரெண்டு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. எப்போதோ விட்டுப்போன, படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்பியிருந்தது. புத்தகப் பைக்கடியில் பிஸ்கட் ஒளிந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் விழுந்து முட்டி கிழிந்தாலும் யாரிடமும் போவதில்லையாம். தைரியசாலி என்று டீச்சர் மெச்சினாராம்.

அன்றிலிருந்து பெரியவள் முகத்துக்கு நேரே சொல்லாமல் கிளம்பியதில்லை. "கண்ணு, கிளம்புறேன். ஞாயித்துக்கிழமை வருவேன்." பதினைந்து வருஷம், சொன்ன ஞாயிறு ஒன்றுகூடத் தவறவில்லை. "சரி பெரியம்மா," என்பாள் அவள். இன்னும் கொஞ்சம் இரேன் என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட மாட்டாளா என்று, வாசலில் செருப்பு மாட்டுகிற வேலையைப் பெரியவள் நீட்டி நீட்டிப் பார்ப்பாள்.

போன மாதம் சலவைக்கூடத்தில் நீராவி முகத்தில் அடித்துவிட்டது. ரெண்டு கண்ணிலும் கட்டு, அதே ஆஸ்பத்திரியில் படுக்கை. பெண் லீவு போட்டுவிட்டு ஓடிவந்தாள். சோறு ஊட்டினாள், தலை வாரினாள், எல்லாம் கை பட்டும் படாமலும்.

அன்று மத்தியானம் பெரியவளுக்குத் தாங்கவில்லை. "உன்னை அன்னிக்கு ஏமாத்திட்டு வந்துட்டேன்டி."

"எனக்கு எதுவும் ஞாபகம் இல்ல பெரியம்மா. நீங்க தூங்குங்க."

தூக்கம் எங்கே வரும்? சற்றுப் பொறுத்து, "கண்ணு, இருக்கியா?" என்று கையை நீட்டித் துழாவினாள். நாற்காலியின் கைப்பிடிதான் அகப்பட்டது.

"அவங்க அப்பவே கிளம்பிட்டாங்களேம்மா," என்றாள் நர்ஸ். "நீங்க தூங்குறீங்க, எழுப்ப வேணாம்னாங்க. சத்தம் கேட்டுடும்னு செருப்பக்கூடக் கையில எடுத்துக்கிட்டுப் போனாங்க. எவ்வளவு அக்கறை பாருங்க!"

"ஆமாம்மா," என்றாள் பெரியவள். "அவ சமத்து."