சின்னம்மா அடித்துக்கொள்ளாத தலை

மர்லீன் சின்னம்மாவுக்குக் குழந்தையிலிருந்தே இரண்டு காதிலும் சீழ். எங்கள் பழங்குடிப் பாலைவனக் குடியிருப்பில் அதை யாரும் நோயாக நினைப்பதில்லை. மூக்கு ஒழுகுவது போலக் காதும் ஒழுகும். கேட்பதற்காகக் காதுக்குள் வைக்கும் கருவியை மாட்டினால் சீழ் இன்னும் பொங்கியது. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள், அதனால் திமிர் பிடித்தவள் என்று பெயர் வாங்கியதுதான் மிச்சம்.

நான் இங்கே கிளினிக்கில் வேலை பார்க்கிறேன். ஆலிஸ் நகரத்திலிருந்து காது சோதிக்க வந்த பெண், எலும்பு வழியாகச் சத்தத்தை அனுப்பும் கருவி இருக்கிறது, காதை அடைக்க வேண்டாம் என்றாள். தலையைச் சுற்றிப் பட்டையாகக் கட்டலாம். இல்லையென்றால் காதுக்குப் பின்னால் மண்டை எலும்பில் திருகு வைத்து மாட்டலாம். பட்டையைக் கட்டிப் பார்த்தோம். வியர்வையில் நழுவியது, பேச்சும் மங்கலாகத்தான் கேட்டது. திருகு வைத்தால் அந்தத் தலையில் அடிபடக் கூடாது என்று அவள் சொன்னதும் சின்னம்மா எழுந்து போய்விட்டாள். கத்திக்குப் பயம் என்று அந்தப் பெண் நினைத்தாள். அவளுக்கு எங்கே தெரியப்போகிறது?

சின்னம்மாவின் அக்காதான் என் அம்மா. ஆலிஸில் டயாலிசிஸில் கிடந்தாள், அதிக நாள் தாங்க மாட்டாள். எங்களில் அக்கா செத்தால் தங்கை கல்லால் தலையில் அடித்துக்கொண்டு ரத்தம் வர அழ வேண்டும். அடித்துக்கொள்ளாதவளுக்குப் பாசம் இல்லை என்று அர்த்தம்.

அம்மாவே அவளைப் பக்கத்தில் இழுத்து வைத்துக் கத்தினாள். "எனக்காக மண்டைய ஒடச்சு என்னத்தடி காணப்போற? திருக வச்சுக்க. நான் போனப்புறம் புள்ளைங்க பேசுறதயாவது கேளு."

வைத்துக்கொண்டாள். அப்புறம் சில மாதம் இருவரும் ஓயாமல் பேசினார்கள். அக்கா இத்தனை வருஷமும் இவ்வளவு பொய்யா சொல்லிக்கொண்டிருந்தாள் என்று சின்னம்மா சிரித்தாள்.

அம்மா போய்விட்டாள். எங்கள் வழக்கப்படி, செத்தவள் பெயரை இனி நாங்கள் சொல்வதில்லை. சாவுக்குச் சொந்தங்கள் கூடித் தங்கும் துக்க முகாமில் பெண்கள் தலையில் அடித்துக்கொண்டு கதற, சின்னம்மா கைகளை மடியில் வைத்தபடி தேம்பினாள். அவளுக்குக் கேட்காது என்ற பழைய நினைப்பில், பின்னால் இருந்த ஒருத்தி குரலைத் தாழ்த்தாமலே பேசினாள்.

"கூடப் பொறந்தவளுக்கு ஒரு சொட்டு ரத்தம் சிந்த மனசு வரல. ஒழுகுற காதுக்கு இருக்குற மரியாத அக்காளுக்கு இல்ல."

அம்மா சொன்னதைச் சொல்லிவிட எழுந்தேன். சின்னம்மா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். கருவியையாவது கழற்றிவிடு என்று சைகை காட்டினேன். அதற்கும் மாட்டேன் என்றாள்.

"இருக்கட்டும், புள்ள. தலையிலதான் அடிச்சுக்க முடியல. இந்தப் பேச்சையாவது வாங்கிக்கிறேன்."