இன்னொரு காது

“முடியத் தூக்கிக் கட்டிக்கங்க” என்றார் லேசர் ஸ்கேனரோடு நின்ற இளைஞர். மதுரை ஆஸ்பத்திரியில் என் வலது காதை அளந்து, அதே போல இடப்பக்கத்துக்கு ஒரு சிலிக்கோன் காது செய்யப்போகிறார்கள். பிறவியிலேயே எனக்கு அந்தப் பக்கம் காது இல்லை. முடியைத் தூக்கியதும் மின்விசிறிக் காற்று சில்லென்று பட்டது. மொட்டை போட்ட அன்றும் அப்படித்தான் பட்டது.

அப்போது எனக்கு ஐந்து வயது. அதுவரை அம்மா முடியை இடப்பக்கமாகவே இழுத்துச் சீவிவிடுவாள். குலசாமிக்கு நேர்ந்துகொண்டதால் மொட்டையை மட்டும் அவளால் தட்ட முடியவில்லை. மார்க்கையன்கோட்டைக் கோயிலில் மாமா மடியில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இடப்பக்க முடி விழுந்ததும் மழித்துக்கொண்டிருந்தவரின் கத்தி நின்றது.

“ஆத்தாடி, புள்ளைக்குக் காதே இல்லையே!” என்றாள் ஒரு சித்தி.

சனம் மொத்தமும் எட்டிப் பார்த்தது. அம்மா ஓடிவந்து முந்தானையால் என் தலையை இறுக்கி மூடினாள். மறைக்க வேண்டியது ஒன்று என்னிடம் இருக்கிறது என்று அந்த இருட்டுக்குள்தான் தெரிந்துகொண்டேன். பிறகு ஆசாரி வலது காதை மட்டும் குத்தினார்.

“ரொம்ப வலிக்குதா ஆத்தா?” என்றார் மாமா, என் அழுகையைப் பார்த்து. ஆமாம் என்று தலையாட்டினேன்.

“அந்தப் பக்கமும் அளவு எடுக்கணும். எங்கன பொருத்துறதுன்னு தெரியணும்ல” என்றார் வலது காதை அளந்து முடித்த இளைஞர். என் கை தானாகப் போய் அந்த இடத்தைப் பொத்தியது. கூட வந்து ஓரமாக உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வந்து அந்தக் கையை மெல்ல இறக்கினாள்.

“பொத்தாத ஆத்தா. அவுக பாக்கட்டும்.”

சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தபடி நின்றாள். நானும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.