உம்மாவின் துடக்கு

2024 ஓகஸ்ட் 11, ஞாயிற்றுக்கிழமை. ஸ்காபரோ முருகன் கோயில் ஒன்றின் திருவிழாப் பத்திரிகையில் அன்றைய உபயகாரர் என்று அச்சாகியிருந்த பெயர்: குமரநாதன் குடும்பம், பிக்கரிங். ஒரு நாள் திருவிழாவை ஏற்று நடத்த இடம் கேட்டு அவர் ஏழு வருடம் காத்திருந்தார்.

குமரநாதன் பிறந்தது நிஸ்தார் என்ற பெயரில், யாழ்ப்பாணத்து முஸ்லிம் குடும்பமொன்றில். பதினொரு வயதில் ஊர் முஸ்லிம்கள் எல்லோரோடும் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டு, புத்தளம் முகாமில் வளர்ந்து, கனடா வந்தவர். விமான நிலையத்தில் பொதி ஏற்றுகிறார். சியாமளாவைக் கட்டுவதற்காக மதம் மாறினார் என்று இரண்டு பக்கமும் சொல்லும். கலியாணம் நகரசபையில் நடந்தது. தீட்சை எடுத்தது அதற்கு ஐந்து வருடம் கழித்து. ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் தருவார். அதிகம் பேருக்குக் கிடைத்தது இது: "முருகனோட கதைக்க வருது. வேறென்ன சொல்ல?"

மிசிசாகாவில் தம்பி முசம்மிலோடு இருந்த உம்மா, புதுப் பெயரால் அவரை ஒருநாளும் கூப்பிடவில்லை. கதைக்காமல் விட்டதுமில்லை.

திருவிழாவுக்கு முந்தின புதன்கிழமை காலை முசம்மில் அண்ணனுக்குத் தொலைபேசி எடுத்தார். "காக்கா, உம்மா மவுத்தாயிட்டா. நாளைக்கு அடக்கம். வாங்க. தொழுகையில மட்டும்…"

"விளங்குது. பின்னுக்கு நிக்கிறன்."

பின்னுக்கும் அவரால் நிற்க முடியவில்லை. தொழுகை முடியும்வரை கார் நிறுத்துமிடத்தில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தார். அடக்கும் குழியருகே, கப்றடியில், சாச்சா, வாப்பாவின் தம்பி, எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "எந்த மூஞ்சியோட வந்து நிக்கிறான்?"

"உம்மாட மூஞ்சியோடதான் சாச்சா. நல்லாப் பாருங்க" என்றார் முசம்மில். பிறகு ஒருவரும் தடுக்கவில்லை. குமரநாதன் மூன்று பிடி மண் போட்டார்.

பிக்கரிங் வீட்டில் மாமனார் சச்சிதானந்தன் காத்திருந்தார். யாழ்ப்பாணத்துச் சைவர்கள் சாவுத் தீட்டைத் துடக்கு என்பார்கள்; தாய் தகப்பன் செத்தால் முப்பத்தொரு நாள் கோயிலுக்குள் போவதில்லை. மாமனார் அதை யோசித்து முடித்திருந்தார்.

"உமக்குத் துடக்கே இல்லைத் தம்பி. நீர் தீட்சை எடுத்தனீர், அவ வேற சமயம். ஞாயிறு வடிவாச் செய்யலாம்."

"அப்ப அவ எனக்கு ஆர் மாமா?"

"அம்மாதான். ஆனா துடக்குக்கு இல்லை."

"அம்மாவுக்கு இல்லாத துடக்கு வேற ஆருக்கு?"

"தம்பி, ஏழு வருசமா உதுக்குத்தானே ஓடித் திரிஞ்சனீர். இப்ப விட்டால் ஆக்கள் என்ன சொல்லுவினம்? இவன் இன்னும் மாறேல்லையெண்டு சொல்லுவினம்."

குமரநாதன் கதிரையில் இருந்தார், எழும்பினார், குளிர்பெட்டியைத் திறந்து ஒன்றும் எடுக்காமல் மூடினார். மாமனார் சொன்னது பொய்யில்லை. அதே ஆட்கள்தான் அவர் திருநீற்றைச் சரியாகப் பூசுகிறாரா என்று முதல் வருடம் முழுக்கப் பார்த்தவர்கள். ஐயருக்குத் தொலைபேசி எடுத்தார். "உதுக்கு ஒரு விதியை நான் எங்கையும் படிக்கேல்லை. செய்தாலும் பிழையில்லை, விட்டாலும் பிழையில்லை" என்றார் ஐயர். அது ஒருவருக்கும் உதவவில்லை.

"எனக்குத் துடக்கு, மாமா," என்றார் கடைசியில். "தொழுகையில நிக்கேலாது எண்டாங்கள், சரியெண்டு விலகி நிண்டன். இஞ்சையும் அவ எனக்கு ஒண்டுமில்லையெண்டால், நான் எங்க போய் அவவின்ர பிள்ளையா இருக்கிறது?"

சச்சிதானந்தன் மகளைப் பார்த்தார்.

"இவருக்குத் துடக்கெண்டால் எனக்கும் பிள்ளையளுக்கும் துடக்குத்தான்," என்றாள் சியாமளா. "நீங்கள் போய்ச் செய்யுங்கோ அப்பா. பேர் ஆற்றையெண்டாலும் இருக்கட்டும்."

ஞாயிறன்று சச்சிதானந்தன் பட்டு வேட்டியோடு தனியாகப் போய் நின்றார். ஒலிபெருக்கியில் அவர் பெயரைத்தான் சொன்னார்கள். குமரநாதனால் வீட்டில் இருக்க முடியவில்லை. காரை எடுத்துக்கொண்டு மிசிசாகாவுக்குப் போனார். தம்பி வீட்டில் குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்று முடியும்வரை கேட்டார், முசம்மிலின் தோளைத் தொட்டார், உள்ளே போகாமல் திரும்பினார்.

செப்டெம்பர் 6, வெள்ளிக்கிழமை, துடக்குக் கழிக்க ஐயர் பிக்கரிங் வீட்டுக்கு வருகிறார். அடுத்த வருட ஞாயிற்றுத் திருவிழாவைக் கோயில் வேறொரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டது.