ஊர் சார்பில் நன்றி

கடற்படையில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு என் மாமா மகன் ஊர் திரும்பியபோது, எங்கள் பள்ளிக்கூடத்தில் அவனுக்கு விழா வைத்தார்கள். ஊர் சார்பாக நன்றி சொல்லிப் பேச என்னைக் கேட்டார்கள். "சொந்தக்காரரு, கூடப் படிச்சவரு, தமிழ் வாத்தியார் வேற. உங்கள வுட்டா யாரு சார் பேசுறது?" என்றார் தலைமையாசிரியர். மறுக்க எனக்கு ஒரு காரணம் இருந்தது. அதை அவரிடம் சொல்ல முடியாது. அவன் மேல் எனக்குப் பொறாமை.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வருஷம் இருவரும் ஒன்றாகத்தான் கடற்படைக்கு விண்ணப்பம் போட்டோம். எழுத்துத் தேர்வில் என் மதிப்பெண்தான் அதிகம். ஓட்டத்திலும் நான்தான் முன்னால் வந்தேன். ஜவ்வாது மலையில் எங்கள் புதூர்நாட்டு ஏற்றத்தில் ஏறி இறங்கிய காலுக்குச் சென்னையின் சமதரை ஒரு பொருட்டே இல்லை. கடைசியாக மருத்துவச் சோதனை. ஒருவர் ஒரு புத்தகத்தைப் பிரித்து, "என்ன நம்பர் தெரியுது?" என்று கேட்டார். பக்கம் முழுக்க வண்ணப் புள்ளிகள். எனக்குப் புள்ளிகள் மட்டும்தான் தெரிந்தன. அடுத்த பக்கத்திலும் அப்படியே. சிவப்பும் பச்சையும் எனக்குச் சரியாகப் பிரிந்து தெரியாது என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. வரிசையில் என் பின்னால் நின்றவன் அவன். எண்களைக் கடகடவென்று சொன்னான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவனிடம், "மச்சான், கண்ணு சமாச்சாரத்த யார்கிட்டயும் சொல்லாத" என்றேன்.

"நான் எதுக்கு சொல்லப்போறேன்?" என்றான்.

அப்பா இல்லாத வீடு எங்களுடையது. அம்மாவிடம், "உன்ன தனியா வுட்டுட்டுப் போக மனசு வரல. வேணாம்னு எழுதிக் குடுத்துட்டேன்" என்று சொன்னேன். அம்மா அழுதாள். பிறகு அதை ஊர் முழுக்கச் சொன்னாள். இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அவன் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் ஊர் அவனைச் சுற்றியே இருக்கும். நல்ல பலாப்பழமாகப் பார்த்து அம்மா அவனுக்கென்று எடுத்து வைப்பாள். கொச்சியைப் பற்றியும் அந்தமானைப் பற்றியும் அவன் பேசுவதை என் மனைவி வேலையை விட்டுவிட்டுக் கேட்பாள். கப்பல் மேல்தளத்தில் நின்று அவன் அனுப்பும் படங்களை நான் செல்போனில் பெரிதாக்கிப் பார்ப்பேன். கடலைப் பார்க்க அல்ல. முன்தலையில் முடி கொட்டியிருக்கிறதா என்று பார்க்க. கொட்டவில்லை.

விழாவன்று காலையில் அவனை அழைத்துவரத் திருப்பத்தூருக்கு ஜீப்பில் போனேன். மலை ஏறத் தொடங்கியதும் அவன் பேச்சு குறைந்தது. ஐந்தாவது வளைவில் என் தோளைப் பிடித்து, "வண்டிய நிறுத்தச் சொல்லு" என்றான். இறங்கி ஓரமாகக் குந்தி வாந்தி எடுத்தான். நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன், முதுகைத் தடவிவிட்டேன். என் மனசு குளிர்ந்தது.

"கப்பல்ல ஒரு நாள்கூட இப்படி ஆனதில்ல மச்சான்" என்றான் வாயைத் துடைத்துக்கொண்டே. "அங்க வந்து சொல்லிடாத. மானம் போய்டும்."

"சேச்சே" என்றேன்.

மேடைக்கு மூன்று பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். எல்லை, கடல், தியாகம், பொங்கலுக்கும் வீட்டுக்கு வர முடியாத வருஷங்கள். குறை சொல்ல முடியாத தமிழ். இரண்டாம் பக்கத்தில் கை தட்டினார்கள். முன் வரிசையில் அம்மாவும் தட்டினாள். அதைப் பார்த்ததும் தாளில் இல்லாதது வாயில் வந்துவிட்டது. "எந்தப் புயலுக்கும் அசையாத நம் வீரரை இன்று காலை நம் ஜவ்வாது மலை ஐந்தே வளைவில் வாந்தி எடுக்க வைத்துவிட்டது!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நான் அவனைத் திரும்பிப் பார்த்தேன். முகம் சிவந்திருந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. என் கண்ணுக்கு அது பிடிபடாது. ஒரு கணம் குனிந்தான். பிறகு அவனும் சேர்ந்து சிரித்தான்.

ஏற்புரைக்கு அவன் எழுந்தபோதுதான் எனக்கு உறைத்தது. என் ரகசியமும் அவனிடம் இருக்கிறதே. அம்மா எதிரே உட்கார்ந்திருக்கிறாள்.

"வாந்தி எடுத்தது நெசம்தாங்க" என்று ஆரம்பித்தான். "இத்தினி வருசம் விருந்தாளியா வந்து போனா மலைக்குக் கோவம் வராதா?" மறுபடியும் சிரிப்பு, என் பேச்சுக்கு வந்ததைவிடப் பெரியது. பிறகு என் பக்கம் கை காட்டினான். "இந்த மாலை அவன் கழுத்துல விழ வேண்டியதுங்க. பரிட்சையிலயும் ஓட்டத்துலயும் என்னைத் தாண்டினவன். எங்க அத்தைக்காகத் திரும்பி வந்தான். நான் அங்க கீறப்போ உங்க புள்ளைங்களுக்கு அவன்தான் இங்க பாடம் சொல்லிக் குடுத்தான். எனக்குச் சொன்ன நன்றியில பாதி அவனுக்குச் சேரட்டும்."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எல்லோரும் எனக்காகக் கை தட்டினார்கள். எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் பொய்யைக்கூட அவன் என்னைவிட நன்றாகச் சொன்னானே என்றுதான் எரிந்தது.

வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். மனைவி கேட்டுக்கொண்டே இருந்தாள். சொல்லிவிட்டேன், புத்தகம், புள்ளி எல்லாவற்றையும்.

"கண்ணு விசயம் தெரியுங்க" என்றாள் சாதாரணமாக. "கல்யாணமான மறுமாசமே தெரியும். பழுத்த மொளகா பறிங்கன்னா பாதி காயா பறிச்சினு வந்தீங்க."

"அம்மாவுக்கு?"

"அத நீங்கதான் கேக்கணும்."

நான் கேட்கவில்லை. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் வீட்டுக்குப் போனேன். ஏதோ மனு எழுதிக்கொண்டிருந்தான். எதிரில் உட்கார்ந்து, "அன்னிக்கு சொல்லாம வுட்டதுக்கு தேங்க்ஸ் மச்சான்" என்றேன்.

"சொல்லாதன்னு நீதான சொன்ன?"

"நீயும்தான் சொல்லாதன்ன. நான் சொல்லிட்டேன்."

"ஆமா" என்றான், தாளிலிருந்து தலை நிமிராமல். "அது கஷ்டமாத்தான் இருந்திச்சி."

ஒரு வரியை அடித்துவிட்டு மறுபடி எழுதினான். பிறகு தாளை என் பக்கம் தள்ளினான். "வேலைக்கு எழுதறேன். தமிழ் எழுதியே வருசக்கணக்காச்சி, தப்பு இருந்தா பாரு. காலைல நாலு மணிக்கு முழிப்பு வந்துடுது. எழுந்து இன்னா பண்றதுன்னு தெரியல மச்சான். முப்பத்தி மூணு வயசுல புதுசா ஆரம்பிக்கணும்."

முதல் வரியிலேயே மூன்று பிழைகள். 'ர' வரவேண்டிய இடத்தில் 'ற', ஒற்று என்பதே இல்லை. பேனாவை வாங்கித் திருத்தினேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன். பிறகு முழுவதையும் நானே நல்ல தாளில் எழுதிக் கொடுத்தேன். அதை என்னால் முடிந்த அளவு நன்றாகவே செய்தேன்.

வாணியம்பாடியில் ஒரு தோல் கம்பெனியில் பாதுகாப்பு மேற்பார்வை வேலை கிடைத்தது. திங்கள் காலையில் மலை இறங்குகிறான், சனிக்கிழமை ஏறுகிறான். வந்தால் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான். அம்மா அவனுக்குத்தான் முதலில் தட்டு வைக்கிறாள். நான் கை கழுவிவிட்டு வந்து என் தட்டுக்காகக் காத்திருக்கிறேன்.