சவுதி டையும் திருச்சானூர் சாக்கெட்டும்

டெஸ்டிங் பம்பை அடித்தால் கேஜ் முள் ஏறியது. கையை எடுத்தால் இறங்கியது. திருச்சானூரில் ஒரு லாட்ஜின் மொட்டை மாடி. வெந்நீர் லைனுக்குப் புதிதாக ஜி.ஐ. பைப் போட்டிருந்தோம். போட்ட ஜாயின்ட் எல்லாவற்றிலும் கசிவு. பைப் முனைகளில் திருகுப் பல் வெட்டி த்ரெட் போட்டவன் என் மனைவியின் தம்பி குமரேசன்.

அவன் சவுதியிலிருந்து திரும்பி வந்த புதிது. பெண்டாட்டியும் மகளும் பாலசமுத்திரத்தில் இருந்தார்கள். அப்பாவை வீடியோ காலில் பார்த்தே வளர்ந்த அந்தக் குழந்தை அவனை 'போன் நைனா' என்றுதான் கூப்பிடும். இனி போவதில்லை என்று முடிவு பண்ணித்தான் வந்திருந்தான். பழைய கம்பெனி விடவில்லை. வருகிறாயா இல்லையா என்று ஏஜென்ட் போன் போட்டபடி இருந்தார். திருப்பதியில் பிளம்பிங் கான்ட்ராக்ட் எடுக்கும் நான், "என்னோட வாடா, இங்கியே பொழச்சிக்கலாம்" என்று சொல்லி முதல் வேலையாக இதைக் கொடுத்தேன்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பெட்டியில் சென்ட்டும் சாக்லேட்டும் இருக்கும். இவன் பெட்டியில் குழந்தைக்கு ஒரு பொம்மை, மீதி எல்லாம் இரும்பு. பைப் ரெஞ்ச், கட்டர், த்ரெட் வெட்டுகிற டை செட், டிரில் மெஷின். என் மனைவி திட்டித் தீர்த்துவிட்டாள். டிரில் 110 வோல்ட். நம்மூர் கரண்டில் சொருகினால் புகைந்துவிடும் என்று அதற்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினோம். அத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று ரெண்டு பேருமே நினைத்துக்கொண்டோம்.

லாட்ஜ் மேனேஜர் மேலே வந்து ஈரத்தைப் பார்த்தார். "ஏமி மேஸ்திரி, நாளைக்குக் கல்யாண பார்ட்டி வருது. அவுதுந்தா, லேதா? முடியாதுன்னா இப்பவே சொல்லு, வேற ஆள வெச்சுக்கிறேன்."

"ஆயிடும் சார்" என்று அனுப்பி வைத்தேன். எரிச்சலை மச்சான் மேல் காட்டினேன்.

"இன்னாடா, த்ரெட்டு மேல சணல் ஒழுங்கா சுத்தினியா இல்லியா?"

"சுத்தினேன் மாமா. அங்க இத்தினி வருஷமா இதே டையிலதான் ஓட்டிக்கினு இருந்தேன். ஒரு சொட்டு ஒழுகினது இல்ல."

சொல்லிக்கொண்டே இன்னும் இறுக்கினான். எல்போ விரிசல் விட்டது. ரெஞ்சை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தான்.

"என் கை போயிடுச்சு மாமா. ஏஜென்டுக்கு வரேன்னு சொல்லிடுறேன். எனக்கு அந்த ஊருதான் சரி."

போனை எடுத்தான். "போனை உள்ள வை" என்று அதட்டினேன். அடுத்ததாக மாட்ட அவன் த்ரெட் போட்டு வைத்திருந்த ஒரு இன்ச் பைப்பை எடுத்து பைப்பையும் பைப்பையும் இணைக்கிற சாக்கெட்டை நானே ஏற்றினேன். மூன்று சுற்றிலேயே நின்றுவிட்டது. கடையில் த்ரெட் போட்டு வாங்கிய துண்டில் அதே சாக்கெட் சுலபமாக ஏறியது. ரெண்டு பைப்பையும் பல்லோடு பல் சேர்த்து வெயிலில் பிடித்தேன். தொடக்கத்தில் பொருந்திய பல், போகப் போக விலகி முட்டிக்கொண்டது.

விஷயம் இதுதான். அவன் வேலை செய்த சைட்டில் எல்லாம் அமெரிக்க த்ரெட். நம்மூர் சாக்கெட், எல்போ எல்லாம் பிரிட்டிஷ் த்ரெட். அதுவரை நாங்கள் மாட்டிய அரை இன்ச், முக்கால் இன்ச்சில் பல் எண்ணிக்கை ஒன்றுதான் என்பதால் நல்ல பிள்ளை மாதிரி ஏறிவிடும். பல்லின் சாய்வு வேறு, அதனால் எவ்வளவு இறுக்கினாலும் கசியும். பல் எண்ணிக்கையும் மாறுகிற ஒரு இன்ச்சுக்கு வந்தால்தான் குட்டு வெளிப்படும்.

"உன் கைக்கு ஒண்ணும் ஆகலடா. இந்த டைக்குத்தான் நம்மூரு ஒத்துக்கல."

ரெண்டு பைப்பையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான். ஷேர் ஆட்டோ பிடித்து டவுனுக்குப் போய் நம்மூர் டை வாங்கி வந்தேன். கசிந்த முனைகளை வெட்டிப் புதிதாக த்ரெட் போட்டான். நீளம் போதாத இடத்துக்குப் புதுத் துண்டு வெட்டினான். சாயங்காலம் பம்ப் அடித்தபோது முள் ஏறிய இடத்திலேயே நின்றது. அந்த நேரம் பார்த்து ஏஜென்ட் போன்.

"இல்ல சார், நான் வரல. இங்கியே வேலை இருக்குது" என்றான்.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். ரெஞ்சும் கட்டரும் எந்த நாட்டுக்குப் போனாலும் வேலை செய்யும். டிரில்லுக்கு வோல்ட் பாருங்கள். டைக்கு அது எந்த த்ரெட் என்று பாருங்கள். அதைப் பார்க்காமல், கை போய்விட்டது என்று விமானம் ஏறிவிடாதீர்கள்.