ஆடியில் பொங்கிய பால்

அந்த ஆண்டு நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் இல்லை. சிவகாசியில் மூன்றாம் வகுப்பு முடித்ததும் டி.சி. வாங்கியாகிவிட்டது. ஆனைக்குட்டம் அணைப் பக்கம் நாங்கள் குடிபோகவிருந்த ஊரின் பள்ளியில் இன்னும் சேரவில்லை. நடுவில், கட்டி வைத்த அட்டைப்பெட்டிகளுக்கு இடையே, அம்மாதான் எனக்குப் பள்ளிக்கூடம்.

சித்திரையில் போய்விடலாம் என்றுதான் அப்பா சொல்லியிருந்தார். புது வீட்டுக்குப் பூச்சு முடியவில்லை. வைகாசியில் கதவு வந்து சேரவில்லை. ஆனியில் எல்லாம் தயாராக இருந்தபோது அப்பா தயாராக இல்லை. அவருடைய சின்ன அச்சகத்தில் காலண்டர் சீசனுக்கு மிஷின்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். ஆடியில் யாரும் புது வீட்டுக்குப் போவதில்லை. ஆவணி முதல் ஆர்டர் குவிந்துவிடும், தலைநிமிர முடியாது. ஆகவே தை மாதம் என்று முடிவாயிற்று.

எனக்கு அதில் வருத்தமில்லை. பாதி கட்டிய மூட்டைகளோடு இருக்கும் வீடு யாருடைய வீடும் இல்லாததுபோல் இருக்கும். பேசினால் சுவர்கள் திருப்பிப் பேசும். மிஷினைச் சோதிக்க அச்சடித்து அப்பா கொண்டுவரும் கழிவுத் தாள்களின் பின்பக்கம்தான் என் நோட்டு. முன்பக்கத்தில், நிறம் சற்று விலகி அச்சானதால், இரண்டு ஜோடிக் கண்களோடு லட்சுமி சிரித்துக்கொண்டிருப்பாள். சாமி படம் தரையில் படக்கூடாதென்று பெட்டியின் மேல் விரித்து நின்றபடியே எழுதுவேன். படத்துக்குக் கீழே அச்சாகியிருந்தது அடுத்த வருடத்தின் எண். ஊரெல்லாம் இந்த வருடத்தில் இருக்க, எங்கள் வீட்டில் மட்டும் அடுத்த வருடம் முன்னதாகவே வந்து, சுருண்டு, மூலையில் நின்றிருந்தது. எந்த வருடத்தில் இருக்கிறோம் என்பதே சில மத்தியானங்களில் எனக்கு மயக்கமாகிவிடும்.

அம்மாவுக்கு இந்த மயக்கமெல்லாம் கிடையாது. பி.எஸ்ஸி. படித்தவள், சொல்லிக்கொடுத்ததையே மறுபடி சொல்லிக்கொடுத்துவிட்டு, புரிந்ததா என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பக்கத்து வீட்டு அக்கா, பிள்ளை பெயிலா என்று வந்து விசாரித்துப் போன அன்று எனக்கு இரண்டு பாடம் கூடுதலாக நடந்தது.

இன்னொரு கவலையும் அவளுக்கு இருந்தது. மார்கழி வந்தால் எனக்கு மூச்சிளைப்பு வந்துவிடும். முந்தைய மார்கழியில் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தார்கள். மை வாசமும் வெடிமருந்து வாசமும் கலந்த இந்தக் காற்றை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போங்கள் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அப்பா அந்த வீட்டையே கட்டத் தொடங்கியிருந்தார். தைக்குத் தள்ளிப்போட்டால் நடுவில் ஒரு மார்கழி வருகிறது என்று அம்மா ஒருமுறை சொன்னாள். பார்த்துக்கிடலாம் என்றார் அப்பா. அதற்கு மேல் பேசிப் பழக்கமில்லை அவளுக்கு. நானோ, அணையில் கொக்கு பார்ப்பதற்காகத்தான் ஊர் மாறுகிறோம் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆடியில் ஒரு நாள், வீட்டைப் பெருக்கிவிட்டு வரலாம் என்று அம்மா என்னைப் பஸ்ஸில் கூட்டிப்போனாள். பாடத்துக்கும் லீவு இல்லை. காற்று எங்களைத் தள்ளிக்கொண்டே தெருவுக்குள் கொண்டுபோய் விட்டது. புது வீட்டில் சுண்ணாம்பின் குளிர்ந்த வாசம். சாமான் ஒன்றும் இல்லாததால் வெயில் எல்லா அறையிலும் காலாற நடந்துகொண்டிருந்தது. அந்த வெயிலை வைத்து அம்மா எனக்குத் திசைகள் சொல்லிக்கொடுத்தாள். பிறகு அறிவியல். தண்ணீர் கொதிக்கிறது, பால் மட்டும் ஏன் பொங்குகிறது? கொத்தனார்கள் கடுங்காப்பி போட வைத்திருந்த ஸ்டவ் சமையலறையில் இருந்தது. எதிர்வீட்டில் பால் வாங்கிவந்து அம்மா சட்டியில் ஊற்றினாள். மேலே ஆடை படிவதையும், ஆவி அதற்கடியில் சிக்கித் தவிப்பதையும் இருவரும் குனிந்து பார்த்தோம். பால் மூச்சு விடுவதுபோல் மெல்ல எழுந்தது. சட்டியின் விளிம்பில் ஒரு கணம் யோசித்து நின்றது. பிறகு பொங்கி வழிந்தது.

தீய்ந்த வாசம் தெருவுக்குப் போயிருக்க வேண்டும். அதே ஊரில் இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, உள்ளே வந்து ஸ்டவ்வைப் பார்த்தாள். அப்படியே நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். புது வீட்டில் முதல்முதலாகப் பால் காய்ச்சிப் பொங்கவிடுவது குடிபுகும் சடங்கு. அதற்கு நாள் பார்க்க வேண்டும், நேரம் பார்க்க வேண்டும், சொந்தபந்தம் கூட வேண்டும். நாங்கள் ஆடி மாதத்தில், எவர்சில்வர் சட்டியில், அறிவியலுக்காகப் பொங்கவிட்டிருந்தோம்.

“ஏத்தா, பாலையா காச்சுன? காலேஜுல இத மட்டும் சொல்லிக்குடுக்காம விட்டுட்டாகளாக்கும்?”

“புள்ளைக்குப் பாடம் நடத்துனேன் மதினி,” என்றாள் அம்மா. துடைத்த ஸ்டவ்வையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“நல்ல பாடம். அடுத்த பாடத்துக்கு அய்யரையும் வரச் சொல்லிருவோமா?”

அப்பாவுக்குப் போன் போயிற்று. கையில் மையோடு பைக்கில் வந்து சேர்ந்தார். இது கணக்கில் வருமா, வராதா என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. நாள் பார்க்காததால் வராது என்றார் அவரே. பொங்கியது பொங்கியதுதான் என்றாள் அத்தை. கடைசியில் சாட்சிக்கு என்னைக் கூப்பிட்டார்கள்.

“தாயி, பால் எந்தப் பக்கமா வழிஞ்சுச்சு?”

அன்று காலையில்தான் திசைகள் படித்திருந்தேன். ஜன்னலைப் பார்த்து, வெயிலைப் பார்த்து, விரலை நீட்டினேன். “கிழக்க அத்தை. கொஞ்சமா வடக்கயும்.”

அத்தையின் முகம் இளகியது. கிழக்கும் வடக்கும் நல்ல திசைகள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். “ஏலே தம்பி, பால் பொங்குன வீட்டப் பூட்டிப்போடக் கூடாது. வெளக்கு எரியணும்.”

“தை வரைக்கும் எப்படிக்கா? சீசனாச்சே.”

“ஒன் சீசனோட நீ அங்கன இரு. இவுக ரெண்டு பேரும் இங்கன இருக்கட்டும். ஆடியில சாமான் ஏத்த வேண்டாம். கேக்குறவுக கிட்ட, புள்ளைக்குப் பாடம் நடக்குன்னு சொல்லிக்கிடுவோம்.”

அப்பா தலையைச் சொறிந்தார், நெற்றியெல்லாம் மையானது. அம்மா சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அன்று சாயங்காலமே அத்தை வீட்டிலிருந்து ஒரு விளக்கும் இரண்டு பாயும் வந்தன. ஆவணியில் அச்சகத்தின் லோடு வேனில் எங்கள் பெட்டிகள் வந்தன. ஊர்ப் பள்ளியில் என்னைச் சேர்த்தார்கள். அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் விருந்தாளியைப்போல் பழம் வாங்கிக்கொண்டு வருவார். மார்கழி வந்து, பனி அணைத் தண்ணீர்மேல் நின்றுவிட்டு, என் நெஞ்சைத் தொடாமல் போய்விட்டது.

இப்போது அம்மாவின் அந்த வயதில் நான் இருக்கிறேன். என் மகன் இருமினால் டாக்டரைக் கேட்கிறேன், மாமியாரைக் கேட்கிறேன், கேட்டபின் இருவர் சொன்னதையும் சந்தேகப்படுகிறேன். அம்மா யாரையும் கேட்கவில்லை. அத்தை அன்று கேட்ட கேள்விக்கு நான் சரியாகவே பதில் சொன்னேன். அவள் கேட்காத ஒன்று உண்டு. பால் விளிம்புக்கு வந்தபோது நான் ஸ்டவ்வை அணைக்கக் கை நீட்டினேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பால் வழிந்து முடியும்வரை விடவில்லை.

சுட்டுவிடும் என்று பிடித்ததாக அன்று நினைத்துக்கொண்டேன்.