அப்பா சொல்லாததையும் சேர்த்துச் சொன்னேன்

மனநோயாளர் வார்டில், இளம் பெண் பிள்ளைகள் இருந்த பகுதியில் நான் அட்டெண்டனாக வேலை செய்தேன். குளிக்க வைப்பது, சாப்பிட வைப்பது, மாத்திரையை விழுங்கினார்களா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பது, இவைதான் என் வேலை. அங்கே தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து, சிங்களப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அதனால் தோட்டத்துப் பிள்ளை யாராவது வந்தால் டாக்டருக்கும் அந்தப் பிள்ளைக்கும் நடுவில் என்னை நிறுத்திவிடுவார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் குருவிட்டப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு பிள்ளை வந்தாள். பதினைந்து வயது. எம்பிலிப்பிட்டியவில் ஒரு சிங்கள வியாபாரி வீட்டில் வேலைக்கு நின்றவள். கழுவிக் கழுவிக் கைகளில் தோல் உரிந்திருந்தது. சாப்பாட்டைத் தொடவில்லை, பேசவுமில்லை. எந்தக் கதவைக் கண்டாலும் தள்ளிப் பார்ப்பாள். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, தலை சீவிவிட்டுக்கொண்டிருந்தபோது முதல் முறையாக வாய் திறந்தாள்.

"அக்கா, இந்தக் கதவு வெளியில பூட்டுமா?"

குளியலறைக் கதவைத்தான் கேட்டாள். அதற்குத் தாழ்ப்பாளே இல்லை என்று கூட்டிப்போய்க் காட்டினேன். வார்டின் பெரிய கதவைப் பூட்டுவோம். அதை மறைக்க மனம் வராமல், சாவி யாரிடம் இருக்கும், எப்போது திறப்பார்கள் என்பதையும் சொன்னேன். அன்று மத்தியானம் அரைத் தட்டு சோறு சாப்பிட்டாள்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கதை வந்தது. அந்த வீட்டுக்காரர்கள் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போகும்போதெல்லாம் இவளை உள்ளே விட்டு, வெளியில் பூட்டிவிட்டுப் போவார்களாம். ஒரு தடவை நாலு நாள். மூன்றாம் நாள் கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ நின்று தன்னைத் திட்டுவது கேட்டதாம். ஆட்கள் திரும்பி வந்த பிறகும் அந்தக் குரல் நிற்கவில்லை. நான் அதையெல்லாம் டாக்டரம்மாவுக்குச் சிங்களத்தில் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டு, "இந்தப் பிள்ளை இனி அந்த வீட்டுக்குப் போகக் கூடாது. தோட்டத்துக்கே போறதா இருந்தால்தான் டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்புவேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் அவளுடைய அப்பா வருவார். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். சட்டையில் எங்கள் அப்பாவின் சட்டையில் அடிக்கும் அதே ரப்பர் பால் வாடை. பணிஸும் வாழைப்பழமும் கொண்டு வந்து, மகள் பக்கத்தில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருப்பார். போகும்போது என்னைக் கும்பிட்டு, "நீங்க நம்ம புள்ள, தாயி. பாத்துக்கங்க" என்பார். அந்த மனிதரை எனக்குப் பிடித்திருந்தது.

இரண்டு மாதத்தில் பிள்ளை தேறிவிட்டாள். வீட்டுக்குப் போவதற்கு முந்தின நாள் துணிகளை மடித்துக்கொண்டே சொன்னாள்.

"அக்கா, அப்பா எல்லாத்துக்கும் சரின்னு தலையாட்டுவாரு. அத நம்பாதீங்க. எங்க கூட்டிட்டுப் போறாருன்னு நல்லா கேளுங்க."

"அப்பாவ அப்பிடிப் பேசக் கூடாதுடி. நான் கேட்டுக்கறேன்" என்றேன்.

மறுநாள் டாக்டரம்மா அவளுடைய அப்பாவைக் கூப்பிட்டு நீளமாகக் கேட்டார். நான் தமிழில் சொன்னேன். அவர் தரையைப் பார்த்தபடி, "கூட்டிட்டுப் போறேங்க. பாத்துக்கறேங்க" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. நான் சிங்களத்தில் என்ன சொன்னேன் தெரியுமா? லயத்துக்குத்தான் கூட்டிப் போகிறார், அந்த வீட்டுக்கு இனி அனுப்பமாட்டார், மறுபடியும் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார் என்றேன். அதெல்லாம் அவர் மனதில் இருப்பதாக நானே நினைத்துக்கொண்டேன்.

"நம்பலாமா, தங்கச்சி?" என்று டாக்டரம்மா என்னைக் கேட்டார்.

"நம்பலாம் டாக்டர். எங்க ஆளுங்கதான்."

பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிங்களம் அவளுக்கு எவ்வளவு புரியும் என்று நான் யோசிக்கவே இல்லை.

மூன்று மாதம் கழித்து ஆம்புலன்ஸில் அவளைத் திரும்பக் கொண்டு வந்தார்கள். எம்பிலிப்பிட்டியவிலிருந்து. இந்த முறை முழங்கை வரைக்கும் புண். நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்று, "என்னடி ஆச்சு?" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மருந்து கொடுத்தால், "எப்பா." சோறு கொண்டு போனால், "எப்பா." எப்பா என்றால் சிங்களத்தில் வேண்டாம். அதைக்கூட என்னிடம் தமிழில் சொல்லவில்லை. மற்ற அட்டெண்டன்களிடம் அந்த வீட்டில் கற்றுக்கொண்ட உடைந்த சிங்களத்தில் பேசினாள், சாப்பிட்டாள்.

அப்பா வந்த அன்று வாசலிலேயே மறித்துக்கொண்டேன்.

"பாத்துக்கறேன்னு சொல்லிட்டு எங்க கொண்டு போய் விட்டீங்க?"

"அந்த வீட்டுக்காரங்க மூத்த பையனுக்குக் கடையில வேல போட்டுத் தர்றேன்னாங்க, தாயி. இவ திரும்பி வந்தாத்தான்னுட்டாங்க. நான் என்ன செய்ய?"

"எப்ப சொன்னாங்க அத?"

அவர் என்னைத் தாண்டி உள்ளே போகப் பார்த்தார். மறுபடி கேட்டேன்.

"டிக்கட் வெட்டுன அன்னைக்கே அவங்க வேன் பஸ் ஸ்டாண்டுல நின்னுச்சு" என்றார். பிறகு, எனக்கு நல்லது சொல்வது போல, "நீங்க எடுத்துச் சொன்னதாலதான் அன்னைக்கு விட்டாங்க. அந்த உதவிய மறக்கமாட்டேன்" என்று கைகூப்பினார்.

அந்த வாடைக்கும் அந்தக் கும்பிடுக்கும் நான் மயங்கியிருந்தேன். கத்த நினைத்தேன், அழுகைதான் வந்தது. டாக்டரம்மாவிடம் போய், அன்று அந்த அப்பா சொன்னது எது, நான் சேர்த்தது எது என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் ஏசவில்லை. "நான் உன்னைத்தானே கேட்டேன்" என்றார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இந்த முறை டாக்டரம்மா பிள்ளையிடமே நேராகச் சிங்களத்தில் பேசினார். என்னைக் கூப்பிடவில்லை. கட்டில் விரித்துக்கொண்டிருந்த எனக்குக் கேட்டது. அந்த வீடு எப்பா, அப்பா எப்பா என்று சொல்லிக்கொண்டே வந்தவள், என் பக்கம் கையை நீட்டி, "அந்த அக்காவும் எப்பா" என்றாள். நான் விரிப்பின் மூலையைச் செருகிவிட்டு வெளியே போனேன்.

சிறுவர் நன்னடத்தை அதிகாரி வந்து விசாரித்து, ரம்புக்கனைப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்த பெரியம்மாவிடம் அவளை ஒப்படைத்தார். போகும்போது எல்லாரிடமும் சொல்லிக்கொண்டாள், என்னிடம் தவிர. மாதா மாதம் கிளினிக்குக்குப் பெரியம்மாவுடன் வந்தாள். கைப்புண் ஆறி, உடம்பு தேறி, தையல் பழகப் போவதாக மற்றவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

இப்படி ஒரு வருடம் போயிருக்கும். பலாங்கொடைப் பக்கத்திலிருந்து புதிதாக வந்த ஒரு தமிழ்ப் பிள்ளை என் கையை விடாமல் கிளினிக் பெஞ்சில் அழுதுகொண்டிருந்தாள். பெரியம்மாவுடன் வந்திருந்த குருவிட்டப் பிள்ளை எழுந்து வந்து எங்கள் முன்னால் நின்றாள். புதுப் பிள்ளையிடம் தமிழில் சொன்னாள்.

"அக்கா நல்லவங்கதான். பயப்படாத. ஆனா சிங்களம் தெரிஞ்சா நீயே சொல்லிக்க."

என்னைப் பார்க்காமலே போய் வரிசையில் நின்றுகொண்டாள். புதுப் பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்து, "எனக்குச் சிங்களம் தெரியாதே அக்கா" என்றாள்.

"நீ சொல்றத மட்டும் சொல்றேன்" என்றேன்.